கெர்னல் டிரைவர் எழுதுபவர்களுக்கும் அதை வெளியிடுபவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள், வன்பொருளை இயக்குவது போன்ற வேலைகளுக்கான டிரைவர்களை எழுதும் நண்பர்களே, அந்தக் கோடை, அதாவது நிரல் வரிகளை, படித்துப் பார்த்து ஒப்புதல் தருபவர்களே, எந்தத் தேதியில் வெளியிடுவது என்று முடிவு செய்பவர்களே,

வணக்கம்.

நீங்கள் எழுதிய கோடு ஓடும் கணினிகளைப் பராமரிப்பது என் வேலை. கெர்னல் கோடு நானும் எழுதுவேன். மற்றவர்கள் அனுப்பும் பேட்ச்களை, அதாவது கோடில் செய்யும் திருத்தங்களை, படித்துக் கருத்தும் சொல்வேன். உங்களிடம் கேட்க வந்தது ஒரே விஷயம்தான். "இது நடக்கவே நடக்காது" என்று நினைத்து எழுதிய இடத்தில் அது நடந்துவிட்டால் கோடு என்ன செய்யும் என்பதை எழுதும்போதே நிதானமாகத் தீர்மானியுங்கள். மொத்தக் கணினியையும் நிறுத்திவிடுவது ஒரு வழி. ஒன்றுமே நடக்காத மாதிரி மேலே போய்விடுவது இன்னொரு வழி. என் கைக்கு வரும் டிரைவர்களில் இந்த இரண்டில் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். இரண்டுமே கணினியின் சொந்தக்காரரைக் கேட்காமல் அவர் சார்பில் நீங்கள் எடுத்துவிடும் முடிவுகள்.

சாதாரணப் புரோகிராம் ஒன்று நடுவழியில் செத்தால் பின்னால் கூட்டிப் பெருக்கக் கெர்னல் இருக்கிறது. அது பிடித்திருந்த மெமரி, திறந்து வைத்த ஃபைல்கள், நெட்வொர்க் இணைப்புகள் எல்லாவற்றையும் கெர்னல் திரும்ப வாங்கிக்கொள்ளும். கெர்னலுக்குள்ளேயே ஒரு கோடு செத்தால் கூட்டிப் பெருக்க யாரும் இல்லை. லினக்ஸில் 'ஊப்ஸ்' எனப்படும் கெர்னல் பிழை வந்தால், அப்போது ஓடிக்கொண்டிருந்த பிராசஸை (புரோகிராமை) மட்டும் கொன்றுவிட்டு மற்றதைத் தொடர்ந்து ஓட்டப் பார்க்கும். நல்ல எண்ணம்தான். ஆனால் அந்தப் பிராசஸ் சாகும்போது ஒரு மியூட்டெக்ஸை, அதாவது ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பிடிக்கக்கூடிய பூட்டை (லாக்கை), பிடித்திருந்தால் அது பிடித்தபடியே கிடக்கும். அதே லாக்கைக் கேட்டு அடுத்தடுத்து வருபவை எல்லாம் வரிசையில் சிக்கி நின்றுவிடும். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே நுழைந்து பார்க்கவே முடியாது. முடிந்தாலும், பிழைப் பதிவைப் பார்த்தால் கோளாறு வேறெங்கோ இருப்பது போலத்தான் தெரியும். இன்டரப்டை, அதாவது வன்பொருள் நடுவில் குறுக்கிட்டு அனுப்பும் அழைப்பை, கையாளும் இடத்தில் ஊப்ஸ் வந்தால் இந்த அரைகுறை வாய்ப்பும் கிடையாது, நேராகப் பேனிக்தான், மொத்தக் கணினியும் நின்றுவிடும்.

இதன் விலை என்ன என்பதை உலகம் மொத்தமும் 2024 ஜூலை 19 அன்று பார்த்தது. கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருள் விண்டோஸ் கெர்னலுக்குள் ஒரு டிரைவராக ஓடுகிறது. அன்று அவர்கள் அனுப்பியது புதிய டிரைவர்கூட இல்லை. அந்த டிரைவர் படித்துப் பயன்படுத்தும் ஒரு தரவு ஃபைல். அதற்கான வரையறையில் 21 புலங்கள் இருந்தன. டிரைவரின் கோடு கொடுத்ததோ 20 மதிப்புகள். அதுவரை வந்த ஃபைல்களில் 21-வது புலத்தில் "எதுவானாலும் சரி" என்ற குறிதான் இருந்தது, ஆகவே யாரும் அந்த 21-வது மதிப்பைத் தேடிப் போகவில்லை. அன்று வந்த ஃபைல் முதல் முறையாக அதைத் தேடியது. மதிப்புகள் இருந்த பட்டியலின் எல்லையைத் தாண்டிப் படித்தது. மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் கணினிகள் நீலத் திரையில் நின்றன. விமானங்கள், மருத்துவமனைகள், வங்கிகள் எல்லாம் தடுமாறின. 78 நிமிடங்களில் ஃபைலைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள்; ஆனால் அதற்குள் விழுந்த கணினிகளுக்கு அது உதவவில்லை. அந்த டிரைவர் கணினி துவங்கும்போதே ஏறுவது. எழுந்தவுடன் அதே ஃபைலைப் படித்து மறுபடி விழும். யாராவது ஒவ்வொரு கணினியாகப் போய், சேஃப் மோடில் ஏற்றி, ஃபைலைக் கையால் அழிக்க வேண்டியிருந்தது.

எல்லை மீறிப் படித்தது சின்னப் பிழை. இதில் நான் யோசித்துக்கொண்டே இருப்பது வேறு ஒன்றைப் பற்றி. 21-வது மதிப்பு இல்லை என்று தெரிந்த இடத்தில் "இந்த விதி எனக்குப் புரியவில்லை, இதை விட்டுவிடுகிறேன்" என்று சொல்லும் ஒரு 'இஃப்' இருந்திருந்தால் அன்று ஒரு பாதுகாப்பு விதி வேலை செய்யாமல் போயிருக்கும், அவ்வளவுதான். கெர்னல் முகவரியைத் தவறாகத் தொட்ட பிறகு அதைப் பிடித்துச் சரிசெய்ய விண்டோஸில் வழியில்லை. தொடுவதற்கு முன்னால்தான் பார்க்க வேண்டும். முந்தைய பதிப்பு எப்படித் துவங்கியது, போன முறை துவங்கும்போது நான்தான் விழவைத்தேனா என்று ஒரு டிரைவர் தனக்குத்தானே கேட்டுக்கொள்ளவும் முடியும். வட்டில் ஒரு சின்னக் குறிப்பு எழுதி வைத்தால் போதும். தொடர்ந்து விழுந்தால் புதிய தரவை ஒதுக்கிவிட்டு, பழைய நல்ல தரவோடு எழுந்திருக்கலாம்.

சரி, லினக்ஸ் பக்கம் வருகிறேன். பக்_ஆன் (BUG_ON) என்ற மேக்ரோவை, அதாவது கோடில் எழுதும் சுருக்க ஆணையை, உங்களில் பலர் இன்னும் பயன்படுத்துகிறீர்கள். கொடுத்த நிபந்தனை உண்மையானால் அந்த இடத்திலேயே ஊப்ஸை வரவழைக்கும், பல நேரம் அதோடு மொத்தக் கணினியும் நின்றுவிடும். எழுத எளிது, ஒரே வரி, "நான் கவனமாகத்தான் எழுதியிருக்கிறேன்" என்ற திருப்தியும் கிடைக்கும். ஆனால் ஒரு நெட்வொர்க் பாக்கெட்டின் நீளம் தப்பாக இருந்ததற்காக, அதே கணினியில் ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸ், யாரோ பாதி எழுதிவைத்திருக்கும் ஆவணம், ராத்திரி முழுக்க ஓடிய கணக்கு எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்துவது எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதுதான். அந்தப் பாக்கெட்டைத் தூக்கி எறிந்துவிட்டு, எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டிவிட்டு, அடுத்த பாக்கெட்டுக்குப் போகலாம். நெட்வொர்க் என்பதே பாக்கெட் தொலையும் என்று எதிர்பார்த்து வடிவமைத்த ஒன்று. மேலே இருக்கும் டிசிபி என்ற நெட்வொர்க் நெறிமுறை தானே மறுபடி அனுப்பிக்கொள்ளும்.

லினக்ஸ் கெர்னலின் சொந்த ஆவணங்களே பக்_ஆன் வேண்டாம் என்று சொல்கின்றன. கைவிட வேண்டியவற்றின் பட்டியலில் அது இருக்கிறது. கோடு எழுதும் நடை பற்றிய வழிகாட்டியில் 2022-ல் கெர்னலை விழவைக்க வேண்டாம் என்று ஒரு தனிப் பகுதியே சேர்த்தார்கள். விழவைப்பதா வேண்டாமா என்ற முடிவு பொதுவாகப் பயனரைச் சேர்ந்தது, கோடு எழுதுபவரைச் சேர்ந்தது அல்ல என்பதுதான் அதன் சாரம். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் இதைப் பல வருடங்களாகக் கோபமாகவும் பொறுமையாகவும் சொல்லி வருகிறார். அவர் சொல்லும் காரணங்களில் ஒன்று நடைமுறை சார்ந்தது: லாக்கைப் பிடித்த நிலையில் செத்துப்போன கணினியிலிருந்து பிழைச் செய்தியைக்கூட எடுக்க முடியாமல் போகும். கோளாறைக் கண்டுபிடிக்க வைத்த சோதனையே கோளாறின் தடயத்தை அழித்துவிடும். இது எனக்கும் நேர்ந்திருக்கிறது. ஒரு சேமிப்பு அட்டையின் டிரைவர் இப்படித்தான் மறுபடி மறுபடி நின்றது, வட்டு அதன் கையில்தான் இருந்தது, ஆகவே பிழைப் பதிவு எதுவும் வட்டில் எழுதப்படவே இல்லை. சீரியல் கேபிளை மாட்டிக் காத்திருந்துதான் அந்த ஒற்றை வரியைப் பிடிக்க முடிந்தது.

பக்_ஆனுக்குப் பதில் என்ன? வார்ன்_ஆன்_ஒன்ஸ் இருக்கிறது. ஒரே ஒரு முறை எச்சரித்து, எங்கிருந்து எந்த வழியாக வந்தோம் என்ற தடத்தையும் அச்சிட்டுவிட்டு, நிபந்தனையின் மதிப்பைத் திருப்பித் தரும். அதை ஒரு 'இஃப்'-க்குள் போட்டு, உள்ளே பிழைக் குறியீட்டைத் திருப்பி அனுப்பிவிடலாம். எச்சரித்துவிட்டு அதே உடைந்த பாயிண்டரை (மெமரி முகவரியை) அடுத்த வரியில் தொடுகிற கோடையும் பார்த்திருக்கிறேன். எச்சரிக்கை என்பது பாதி வேலைதான். பாதுகாப்பாகப் பின்வாங்குவது மீதிப் பாதி.

இன்னொன்றும் இருக்கிறது. பயனர் தப்பான அளவு கொடுத்தார், ஃபைலில் குப்பை இருந்தது, கேபிள் பிடுங்கப்பட்டது, இவற்றுக்கெல்லாம் வார்ன் போடாதீர்கள். இவை எதிர்பார்க்க வேண்டியவை. வார்ன் என்பது நம் சொந்தத் தர்க்கம் உடைந்துவிட்டது என்று சொல்ல மட்டும். ஏனென்றால் பேனிக்_ஆன்_வார்ன் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அதைப் போட்டு வைத்திருப்பவர்களின் கணினியில் எந்த எச்சரிக்கையும் பேனிக்காக மாறும். சந்தேகம் வந்தாலே நின்றுவிடட்டும், பக்கத்துக் கணினி வேலையை எடுத்துக்கொள்ளும் என்று நினைப்பவர்கள் அப்படி வைப்பார்கள். அது அவர்கள் தெரிந்தே எடுத்த முடிவு, சரியான முடிவும்கூட. ஆனால் சாதாரணப் பயனர் ஒருவர் ஒரு தப்பான எண்ணைக் கொடுத்து அந்தக் கணினியை வீழ்த்த முடிந்தால் அது உங்கள் பிழை. சிஸ்பாட் போன்ற தானியங்கிச் சோதனைகள் இப்படி வெளியிலிருந்து தட்டிவிட முடிகிற வார்ன்களைத் தேடிப்பிடித்து அறிக்கை அனுப்புகின்றன. அந்த அறிக்கைகளை "இது வெறும் எச்சரிக்கைதானே" என்று மூடாதீர்கள்.

இனி மறுபக்கம். பேனிக் கண்ணுக்குத் தெரியும், வலிக்கும், அதனால் யாராவது திருத்துவார்கள். விழுங்கப்பட்ட பிழை அப்படி இல்லை. மனதளவில் எனக்கு அதிகப் பயம் தருவது இதுதான்.

2018-ல் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸை உருவாக்குபவர்கள் ஒரு விஷயத்தைக் கண்டு அதிர்ந்தார்கள். எழுதிய தரவு வட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதா என்று உறுதி செய்ய எஃப்சிங்க் என்ற அழைப்பைப் பயன்படுத்துவோம். வட்டில் எழுத முடியாமல் பிழை வந்தால் எஃப்சிங்க் பிழையைச் சொல்லும். சரி, மறுபடி முயற்சிப்போம் என்று இரண்டாவது முறை கூப்பிட்டால் "வெற்றி" என்று சொல்லும். காரணம், முதல் முறை தோற்றதும் கெர்னல் அந்த மெமரிப் பக்கங்களை 'சுத்தமானவை' என்று குறித்துவிடும். அவற்றை மறுபடி எழுதுவதே இல்லை. எழுத ஒன்றும் பாக்கியில்லை, ஆகவே வெற்றி. டேட்டாபேஸ் அதை நம்பித் தன் பதிவேட்டின் பழைய பகுதியை அழித்துவிடும். தரவு எங்குமே இல்லை, யாருக்கும் தெரியாது. அதற்கும் முந்தைய கெர்னல்களில் நிலைமை இன்னும் மோசம்: ஒரு பிராசஸுக்குப் போக வேண்டிய பிழையை வேறொரு பிராசஸ் தெரியாமல் வாங்கித் தின்றுவிடவும் முடிந்தது. 2017-ல் வந்த 4.13 பதிப்பில் பிழையைக் கணக்கு வைக்கும் முறையையே மாற்றி, அப்போது ஃபைலைத் திறந்து வைத்திருந்த ஒவ்வொருவருக்கும் ஒரு முறையாவது அது போய்ச் சேரும்படி செய்தார்கள். போஸ்ட்கிரெஸ் என்ன செய்தது தெரியுமா? எஃப்சிங்க் தோற்றால் மறுபடி முயற்சிப்பதை விட்டுவிட்டு, தானே பேனிக் ஆகி நின்று, பதிவேட்டிலிருந்து எல்லாவற்றையும் மீட்டு எழும்படி 2019-ல் மாற்றிக்கொண்டது.

இதைக் கவனமாகப் பாருங்கள். இங்கே நிற்பதுதான் சரி. ஆனால் நிற்பது என்ற முடிவை எடுத்தது தரவின் மதிப்பை அறிந்த டேட்டாபேஸ். மீண்டு எழ வழி வைத்திருப்பதும் அதுதான். கீழே இருக்கும் டிரைவரின் கடமை பிழையைத் திருத்தமாக மேலே சொல்வது. அதைச் சொல்லாமல் விட்டால் மேலே இருப்பவரால் எந்த நல்ல முடிவும் எடுக்க முடியாது. 2008-ல் விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் லினக்ஸ் 2.6-ன் எல்லா ஃபைல் சிஸ்டங்களையும் முக்கியமான மூன்று சேமிப்பு டிரைவர்களையும் கருவி வைத்து அலசினார்கள். பிழைக் குறியீடு திரும்பி வரும் அழைப்புகளில் 1153 இடங்களில், அதாவது 13 சதவீதத்தில், அந்தக் குறியீட்டை யாரும் பார்க்காமலேயே கைவிட்டிருந்தார்கள். அந்தக் கோடு பழையதுதான். ஆனால் உங்கள் டிரைவரில் திரும்பி வரும் மதிப்பை வாங்காமல் விட்ட வரிகளைத் தேடிப் பாருங்கள், ஏன் சொல்கிறேன் என்று புரியும். உள்ளே வந்தது மெமரி தீர்ந்த பிழை, வெளியே போவது பொதுவான 'உள்ளீட்டுப் பிழை' என்று மாற்றிச் சொல்வதும் இதே வகைதான். மேலே இருப்பவர் காத்திருந்து மறுபடி கேட்கலாமா, கைவிடுவதா என்று தீர்மானிப்பது அந்தக் குறியீட்டை வைத்துத்தான்.

பிழை வந்தால் திரும்பிப் போகும் பாதையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதுதான் கோடிலேயே மிகக் குறைவாக ஓடும் பகுதி. மெமரி வாங்கினோம், இன்டரப்ட் பதிந்தோம், லாக் பிடித்தோம், நான்காவது படியில் தோற்றோம். இப்போது மூன்றையும் தலைகீழ் வரிசையில் விட வேண்டும். லினக்ஸில் இதை 'கோடூ' (goto) என்ற தாவும் கட்டளையைப் போட்டு ஃபங்ஷனின் கடைசியில் படிப்படியாக இறங்கும் லேபிள்களாக எழுதும் வழக்கம் உண்டு. நல்ல வழக்கம். பின்னால் ஒருவர் நடுவில் ஒரு படியைச் சேர்ப்பார், லேபிளை மாற்ற மறப்பார். இன்டரப்டை விடாமல் மெமரியை மட்டும் விட்டால், அடுத்த இன்டரப்ட் வரும்போது செத்த மெமரியைத் தொடும். இன்று இதற்கு நல்ல உதவிகள் இருக்கின்றன. டெவ்எம் என்று துவங்கும் ஃபங்ஷன்கள் சாதனம் கழன்றால் அதற்காக வாங்கியதைத் தாமே விட்டுவிடும். 2023 முதல், கோடின் அந்தப் பகுதி (ஸ்கோப்) முடிந்ததும் லாக்கைத் தானே விடும் மேக்ரோக்களும் வந்துவிட்டன. புதிய கோடில் அவற்றைப் பயன்படுத்துங்கள். பழையதையும் புதியதையும் ஒரே ஃபங்ஷனில் கலந்து எழுதாதீர்கள். அந்தக் கலவையைப் படிப்பவர் தலை சுற்றிப் போவார்.

ஆனால் எந்த உதவியை வைத்து எழுதினாலும் ஓட்டிப் பார்க்காத பாதை உடைந்த பாதை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். லினக்ஸில் சின்ன அளவு மெமரி கேட்டால் நடைமுறையில் அது தோற்பதே அபூர்வம். கெர்னல் எப்படியாவது தேடிக் கொடுத்துவிடும். ஆகவே "மெமரி கிடைக்கவில்லை" என்ற கிளை உங்கள் மேசையில் ஒருநாளும் ஓடியிருக்காது. வேண்டுமென்றே தோற்கச் செய்யும் வசதி கெர்னலிலேயே இருக்கிறது. மெமரி ஒதுக்கீடு, வட்டுச் செயல்பாடு என்று எதை வேண்டுமானாலும், இத்தனையாவது அழைப்பில் தோற்கட்டும் என்று சொல்லிவைக்கலாம். டிரைவர் ஏறும் பாதையில் முதல் அழைப்பைத் தோற்கச் செய்யுங்கள், அப்புறம் இரண்டாவதை, அப்புறம் மூன்றாவதை. மெமரித் தவறுகளைப் பிடிக்கும் கேசான், லாக் தவறுகளைப் பிடிக்கும் லாக்டெப் இரண்டையும் போட்டுக்கொண்டு ஓட்டுங்கள். ஒரு மதிய நேர வேலை. இது இல்லாமல் வந்த டிரைவரை நான் இனி ஒப்புக்கொள்வதில்லை. மற்ற ரிவ்யூயர்களும் இதைக் கேட்க வேண்டும்.

சோதனை எழுதினால் மட்டும் போதாது, எந்த இடத்தில் எழுதினோம் என்பதும் முக்கியம் என்பதற்கு 2009-ல் நடந்தது நல்ல உதாரணம். லினக்ஸின் டன் நெட்வொர்க் டிரைவரில் ஒரு பாயிண்டரை முதல் வரியில் பயன்படுத்திவிட்டு, அது எதையும் சுட்டாத வெற்றுப் பாயிண்டரா (null) என்று அடுத்த வரியில் பார்த்தார்கள். கோடை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் யோசித்தது: ஏற்கெனவே தொட்டாகிவிட்டது, ஆகவே இது வெற்றுப் பாயிண்டராக இருக்க முடியாது, இந்தச் சோதனை வீண். நீக்கிவிட்டது. விழ வேண்டிய இடத்தில் விழாமல், முகவரி பூஜ்யத்தில் தன் தரவை வைத்த ஒருவர் ரூட் எனும் முழு அதிகாரம் பெற அது வழியானது. அதன் பிறகு அப்படி நீக்கக் கூடாது என்று கம்பைலருக்குச் சொல்லும் கொடியோடுதான் லினக்ஸ் கெர்னல் கட்டப்படுகிறது. சோதனை தொடுவதற்கு முன்னால் இருக்க வேண்டும். இவ்வளவு சின்ன விஷயம்.

வன்பொருளை நம்பாதீர்கள் என்று வன்பொருள் நிறுவனத்தாரிடமே சொல்வது வினோதமாக இருக்கலாம், ஆனாலும் சொல்கிறேன். பிசிஐ எக்ஸ்பிரஸ் சாதனம் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போதே கழன்றுவிட்டால், தன் நிலையைச் சொல்ல அதில் இருக்கும் ரெஜிஸ்டரைப் படிக்கும்போது பெரும்பாலும் எல்லா பிட்டும் 1 ஆக வரும். "வேலை முடிந்தது" என்ற பிட் 1 ஆகட்டும் என்று காத்திருந்தால் வேலை முடிந்ததாகப் பொய்ச் செய்தி கிடைக்கும். "வேலையாக இருக்கிறேன்" என்ற பிட் 0 ஆகட்டும் என்று காத்திருந்தால் காலம் முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்கும். எந்தக் காத்திருப்புக்கும் காலக்கெடு வேண்டும். எல்லாம் 1 என்று வந்தால் சாதனம் போய்விட்டது என்று எண்ணிப் பின்வாங்க வேண்டும். சாதனம் சொல்லும் நீளம், எண், இருப்பிடம் எதையும் எல்லை பார்க்காமல் பயன்படுத்தக் கூடாது. சாதனத்துக்குள்ளேயே ஓடும் பழுதான மென்பொருளும் (ஃபர்ம்வேர்) தீய எண்ணத்தோடு செருகப்பட்ட யுஎஸ்பி குச்சியும் ஒரே மாதிரி எண்களைத்தான் தரும்.

இந்த மனநிலை கெர்னலின் மையத்தில் ஏற்கெனவே இருக்கிறது. பயனர் கொடுத்த முகவரியிலிருந்து தரவை நகலெடுக்கும்போது அந்த முகவரி பொய்யாக இருக்கலாம் என்று தெரிந்தேதான் அந்த ஃபங்ஷனை எழுதியிருக்கிறார்கள். நடுவில் பக்கப் பிழை வந்தால், இந்தக் கட்டளையில் பிழை வந்தால் இங்கே போ என்று முன்பே எழுதிவைத்த அட்டவணையைப் பார்த்து, எத்தனை பைட் நகலாகவில்லை என்ற கணக்கோடு அமைதியாகத் திரும்பும். பிழை எங்கே வரும் என்று முன்கூட்டியே யோசித்த கோடு இப்படித்தான் இருக்கும். ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2001-ல் வெளியிட்ட ஆய்வில், கெர்னலின் மற்ற பகுதிகளைவிட டிரைவர்களில் பிழை விகிதம் 3 முதல் 7 மடங்கு வரை அதிகம் என்று கண்டார்கள். மையத்தின் பழக்கம் ஓரங்களுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

அப்படியானால் எப்போதுமே நிற்கக் கூடாதா? அப்படிச் சொல்ல மாட்டேன். தொடர்ந்தால் தரவு கெடும், அல்லது பாதுகாப்பு உடையும் என்றால் நிற்கத்தான் வேண்டும். ஆனால் எவ்வளவு நிற்பது என்பதில் படிகள் இருக்கின்றன. இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டத்தைப் பாருங்கள். உள்கட்டமைப்பில் முரண்பாடு தெரிந்தால் தொடர்வதா, படிக்க மட்டும் அனுமதிப்பதா, பேனிக் ஆவதா என்பதை மவுண்ட் செய்யும்போதே (கணினியோடு இணைக்கும்போதே) சொந்தக்காரர் தேர்ந்தெடுக்கலாம். 2009-ல் வந்த 2.6.32 முதல், மெமரிச் சில்லில் திருத்த முடியாத பிழை என்று வன்பொருள் சொன்னால் முடிந்தவரை அந்தப் பக்கத்தைப் பயன்படுத்தும் பிராசஸை மட்டும் கொன்று, பக்கத்தை ஒதுக்கிவைக்கும் வழி இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது 2017-ல் 4.11-ல் வந்த ரெஃப்கவுண்ட். ஒரு பொருளை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்ற எண்ணிக்கை வரம்பை மீறப் போனால் அது பூஜ்யத்துக்குச் சுற்றி வராது. உச்சத்திலேயே ஒட்டிக்கொண்டு எச்சரிக்கும். அந்தப் பொருளின் மெமரி இனி ஒருபோதும் திரும்பாது, கொஞ்சம் மெமரி வீண். ஆனால் விடுவித்த மெமரியைத் தொட்டு யாரும் கெர்னலைக் கைப்பற்ற முடியாது. இரண்டு கெடுதலில் சின்னதைத் தேர்ந்தெடுப்பது என்றால் இதுதான்.

எப்படியாவது தொடர்ந்து ஓடுவோம் என்ற வழிக்கும் ஓர் எல்லை வேண்டும் என்பதையும் அனுபவம் காட்டியிருக்கிறது. ஒவ்வொரு ஊப்ஸும் ஓர் எண்ணிக்கையைக் குறைக்காமல் விட்டுச் செல்லும். ஒரே ஊப்ஸை வேண்டுமென்றே கோடிக்கணக்கில் நிகழ்த்தி அந்த எண்ணிக்கையைச் சுற்றவைத்துத் தாக்க முடியும் என்று தெரிந்ததும், லினக்ஸ் 6.2-ல் ஊப்ஸுக்கு 10,000 என்ற வரம்பை இயல்பாக வைத்தார்கள். அதைத் தாண்டினால் பேனிக். அந்த எண்ணையும் சொந்தக்காரர் மாற்றிக்கொள்ளலாம்.

படியே இல்லாமல் நேராக நிற்பதன் விளைவை 1996 ஜூன் 4 அன்று ஏரியன் 5 ராக்கெட்டின் முதல் பயணத்தில் பார்த்தோம். அது கெர்னல் இல்லை, ஆனால் பாடம் நம்முடையதுதான். 64 பிட் தசம எண் ஒன்றை 16 பிட் முழு எண்ணாக மாற்றும்போது அது கொள்ளவில்லை. பிழை வந்தால் அது வன்பொருள் பழுதாகத்தான் இருக்கும் என்று எண்ணி, பிழை வந்த கணினி தன்னை நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று வடிவமைத்திருந்தார்கள். மாற்றுக் கணினியிலும் அதே மென்பொருள், அதுவும் அதே காரணத்தால் நின்றது. நிற்கும் முன் அனுப்பிய பிழைத் தகவலை முதன்மைக் கணினி பயணத் தகவலாக எடுத்துக்கொண்டு ராக்கெட்டைத் திருப்பியது. சுமார் 40 விநாடியில் எல்லாம் முடிந்தது. பிழை வந்த அந்தக் கணக்கு ராக்கெட் கிளம்பிய பிறகு தேவையே இல்லாத கணக்கு. தேவையில்லாத ஒரு வேலை தேவையான எல்லாவற்றையும் நிறுத்தியது. உங்கள் டிரைவரில் புள்ளிவிவரம் சேகரிக்கும் கோடு இதே மாதிரி எதையாவது நிறுத்திவிடுமா என்று பாருங்கள்.

ரஸ்ட் மொழிக்கு மாறினால் இதெல்லாம் தீர்ந்துவிடும் என்று சிலர் எழுதுகிறார்கள். மெமரிப் பிழைகள் பெரிதும் குறையும், அதை நான் மனதார வரவேற்கிறேன். ஆனால் பிழை வந்திருந்தால் பேனிக் ஆகிவிடும் 'அன்ராப்' ஆணையைப் போட்டுவிட்டு நகர்வது பக்_ஆனின் புதிய வேஷம்தான். 2021-ல் ரஸ்ட் பேட்ச்கள் வந்தபோது மெமரி கிடைக்காவிட்டால் பேனிக் ஆவதை டோர்வால்ட்ஸ் ஏற்கவில்லை. தோல்வியைத் திருப்பிச் சொல்லும் ஒதுக்கீட்டு முறையை உருவாக்கிக்கொண்ட பிறகுதான் 6.1-ல் உள்ளே வந்தது.

கடைசியாக, தேதி குறிப்பவர்களிடம். பிழைப் பாதையைச் சோதிக்க உங்கள் குழு நேரம் கேட்டால் கொடுங்கள். அதை அட்டவணையிலேயே ஒரு வரியாகப் போடுங்கள், மிச்ச நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். தரவு ஃபைல் ஆனாலும் அதையும் கோடு போலவே நினைத்து, முதலில் உங்கள் கணினிகளில், அப்புறம் ஒப்புக்கொண்ட சில வாடிக்கையாளர்களிடம், அதற்கப்புறம்தான் மற்றவர்களுக்கு என்று படிப்படியாக அனுப்புங்கள். கிரவுட்ஸ்ட்ரைக்கும் அந்த நாளுக்குப் பிறகு இந்த முறைக்குத்தான் வந்தது. கெர்னலுக்குள் இருக்கவே தேவையில்லாத வேலையை வெளியே பயனர் பக்கத்துக்கு நகர்த்தச் சொல்லுங்கள். அங்கே செத்தால் மறுபடி துவக்கிக்கொள்ளலாம். பிழைச் செய்தியில் எந்தச் சாதனம், எந்த மதிப்பு வந்தது, எது எதிர்பார்க்கப்பட்டது என்ற மூன்றும் இருக்கட்டும். அதே செய்தி விநாடிக்கு ஆயிரம் முறை வந்து பிழைப் பதிவை மூழ்கடிக்காதபடி கட்டுப்பாடும் இருக்கட்டும்.

உங்கள் டிரைவரில் இருக்கும் பக்_ஆன்களை ஒவ்வொன்றாக எடுத்து, அதன் இடத்தில் என்ன வர வேண்டும் என்று ஒரு பேட்ச் அனுப்புங்கள். அதைப் படிக்கவும், எங்கள் சோதனைக் கணினிகளில் பிழைகளைத் திணித்து ஓட்டிப் பார்க்கவும் நான் தயார். எந்த இடத்தில் நிறுத்துவதுதான் சரி என்று உங்களுக்குத் தோன்றுகிறதோ, அந்தப் பேட்சிலேயே காரணத்தோடு எழுதுங்கள், பேசுவோம்.

இப்படிக்கு,
உங்கள் கோடை நம்பிக் கணினிகளை ஓட்டும் ஒருவன்